எங்கள் ஊர் டாக் பார்க் கோரிக்கை கவுன்சிலில் எங்கே நிற்கிறது, எப்படித் தெரிந்துகொள்வது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கலிபோர்னியாவில் ஒரு நடுத்தர ஊர். நாய்களை லீஷ் (பிடித்துக்கொள்ளும் வார்) இல்லாமல் ஓடவிட, வேலி போட்ட டாக் பார்க் ஒன்று வேண்டும் என்று ஊர்க்காரர்கள் ஆன்லைனில் கையெழுத்து திரட்டினார்கள். நூற்றுக்கணக்கில் சேர்ந்தது. சிலர் சிட்டி கவுன்சில் கூட்டத்துக்கே போய்ப் பேசினார்கள், மேயர் நன்றி சொன்னார், அதோடு சரி. ஒரு வருடமாகப் பேச்சு மூச்சில்லை. விஷயம் எங்கே நிற்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது, எச்1பி விசாவில் இருக்கும் நான் இதில் பேசலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களை உண்மையில் உறுத்துவது இத்தனை பேர் ஆதரித்தும் ஏன் எதுவும் நகரவில்லை என்பதுதான் என்று நினைக்கிறேன். அதற்கான காரணம் புரிந்தால் மற்றதெல்லாம் எளிது.

நான் பூங்காத் திட்டமிடல் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். ஒவ்வொரு விஷயத்திலும் அதிகாரிகள் பரிந்துரையோடு தயாரித்து கவுன்சில் உறுப்பினர் கைக்குப் போகும் அறிக்கையை, அதாவது ஸ்டாஃப் ரிப்போர்ட்டை, எழுதுகிற பக்கம் என்னுடையது. அனுபவம் முழுக்கக் கலிபோர்னியாவுக்குள்தான். டெக்சஸிலோ நியூ ஜெர்சியிலோ இருப்பவர்கள் கீழே வரும் சட்ட விவரங்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். வக்கீலும் இல்லை. நடைமுறை தெரிந்தவன், அவ்வளவே.

மேயர் நன்றி மட்டும் சொன்னதில் அலட்சியம் இருந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவரால் அன்று வேறெதுவும் சொல்லியிருக்க முடியாது. கலிபோர்னியாவில் 1953இல் வந்த பிரவுன் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. கவுன்சில், கமிஷன் போன்ற அமைப்புகள் வழக்கமான கூட்டத்துக்குக் குறைந்தது 72 மணி நேரம் முன்பே அஜெண்டாவைப் பொதுவில் ஒட்ட வேண்டும். அவசரமான ஒரு சில சூழல்களைத் தவிர, அஜெண்டாவில் இல்லாத விஷயத்தில் முடிவெடுக்கவோ விவாதிக்கவோ கூடாது. கூட்டத்தின் தொடக்கத்தில் வரும் பொதுப் பேச்சு நேரத்தில் நீங்கள் எதை வேண்டுமானாலும் பேசலாம்; ஆனால் உறுப்பினர்கள் ஓரிரு வார்த்தை பதில் சொல்லலாம், விளக்கம் கேட்கலாம், அதிகாரிகளைப் பார்க்கச் சொல்லலாம், அதற்கு மேல் போக முடியாது. உங்கள் ஊர்க்காரர்கள் பேசிய அன்று டாக் பார்க் அஜெண்டாவில் இல்லை என்று வைத்துக்கொண்டால், அவர்கள் எவ்வளவு நன்றாகப் பேசியிருந்தாலும் நன்றிதான் கிடைத்திருக்கும்.

விசா பற்றிய பயத்தை இங்கேயே விட்டுவிடுங்கள். பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் பேசலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. குடியுரிமை, வாக்குரிமை, அந்த ஊரில் வீடு என்று எந்த நிபந்தனையும் இல்லை. வாசலில் வைத்திருக்கும் தாளில் பெயர் எழுதுவதைக்கூடக் கட்டாயமாக்க முடியாது. பேச்சு நேரம் பெரும்பாலும் மூன்று நிமிடம். கூட்டம் அதிகமானால் இரண்டாகவோ ஒன்றாகவோ குறைப்பார்கள், அதற்குத் தயாராகப் போங்கள். பலருக்குத் தெரியாத ஒன்று: மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசுபவருக்கு, கூட்டத்தில் உடனடி மொழிபெயர்ப்புக் கருவி வசதி இல்லாதபட்சத்தில், இரண்டு மடங்கு நேரம் தர வேண்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் உங்கள் அம்மாவோ மாமனாரோ தமிழிலேயே பேசலாம், நீங்கள் பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் சொல்லலாம். இதை ஏன் குறிப்பாகச் சொல்கிறேன் என்பதற்குப் பிறகு வருகிறேன். ஒரு எச்சரிக்கை மட்டும்: கவுன்சிலுக்கு அனுப்பும் இமெயில் அரசு ஆவணம் ஆகிவிடுகிறது. சில ஊர்களில் அதை அப்படியே இணையத்தில் போடுவார்கள். வீட்டு முகவரி, போன் நம்பர் சேர்க்காமல் எந்தத் தெரு அல்லது எந்தப் பூங்காவுக்குப் பக்கம் என்று மட்டும் எழுதுங்கள்.

இனி, முடிவு எங்கே எடுக்கப்படுகிறது என்ற விஷயம். கைதூக்கி வாக்களிக்கும் இரவில்தான் எல்லாம் நடக்கிறது என்று நினைப்பவர்கள் எப்போதும் தாமதமாகவே வந்து சேர்கிறார்கள். ஒரு டாக் பார்க் பல சின்னச் சின்ன முடிவுகளாக நடக்கிறது. பல ஊர்களில் ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களில் கவுன்சில் ஒரு நாள் உட்கார்ந்து அந்த வருடத்துக்கான முன்னுரிமைப் பட்டியலைத் தயாரிக்கும். இந்தக் கூட்டத்துக்குப் பொதுமக்கள் வருவதே அபூர்வம். என்னைக் கேட்டால் வருடத்தின் மிக முக்கியமான கூட்டம் இதுதான். அந்தப் பட்டியலில் ஏறாத வேலைக்கு அதிகாரிகள் நேரம் ஒதுக்க மாட்டார்கள், ஒதுக்கவும் முடியாது. பட்டியலில் ஏறினால் பூங்கா கமிஷனுக்குப் போகும். அங்கே எந்தெந்த இடம் சரிவரும் என்று ஆராய்வார்கள், அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் கருத்து கேட்பார்கள், மாதிரி வரைபடம் போடுவார்கள். சுற்றுச்சூழல் பரிசீலனை நடக்கும். பணம் ஒதுக்க வேண்டும். கலிபோர்னியாவில் நகர நிதியாண்டு பெரும்பாலும் ஜூலை 1இல் தொடங்குவதால் ஜூனில் பட்ஜெட் நிறைவேறும், அதன் வரைவு ஏப்ரல், மே மாதங்களிலேயே எழுதி முடிந்திருக்கும். ஜூன் கூட்டத்தில் வந்து உருக்கமாகப் பேசுபவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் பேசும்போது எண்களெல்லாம் ஏற்கெனவே கட்டம் கட்டி உட்கார்ந்துவிட்டிருக்கும்.

இதைப் பின்தொடர, ஊரின் அஜெண்டா தளத்தில் இமெயில் அறிவிப்புக்குப் பதிவு செய்யுங்கள். பல ஊர்கள் லெஜிஸ்டார் என்ற மென்பொருளை வைத்திருக்கின்றன. பழைய கூட்டங்கள் வரைக்கும் தேடலாம். தேடும்போது டாக் பார்க் என்பதோடு நிறுத்தாதீர்கள். ‘ஆஃப் லீஷ்’ என்றும், அந்தப் பூங்காவின் பெயரை வைத்தும், ‘பார்க்ஸ் மாஸ்டர் பிளான்’ என்றும் தேடுங்கள். கவுன்சிலை மட்டும் பார்ப்பது போதாது, பூங்கா கமிஷன் அஜெண்டாவும் வேண்டும். அஜெண்டாவில் ‘கன்சென்ட் கேலண்டர்’ என்ற பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். விவாதமே இல்லாமல் ஒரே வாக்கில் பத்துப் பதினைந்து விஷயங்களை நிறைவேற்றும் பகுதி அது. வடிவமைப்பு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடுவது இதில்தான் சத்தமில்லாமல் வரும். எந்தப் பூங்காவுக்கான ஒப்பந்தம் என்ற ஒரு வரியில், இடம் தேர்வாகிவிட்ட செய்தி இருக்கும்.

பொதுவில் தெரியாமல் நடக்கும் பகுதியும் உண்டு. கவுன்சில் உறுப்பினர்களில் பெரும்பான்மைக்குக் குறைவானவர்கள், ஐந்து பேர் கவுன்சிலில் இரண்டு பேர், ஒரு குறிப்பிட்ட வேலைக்காகத் தற்காலிகத் துணைக்குழுவாக உட்கார்ந்தால் பிரவுன் சட்டத்தின் அறிவிப்பு விதிகள் அதற்குப் பொருந்தாது. இடத் தேர்வு போன்ற சிக்கலான விஷயங்கள் பல நேரம் அங்கே பேசப்படுகின்றன. அது முறைகேடு இல்லை, சட்டம் அனுமதித்தது. ஆனால் வெளியே தெரியாது. அதனால் பூங்காத் துறையில் இந்தக் கோப்பு யார் மேஜையில் இருக்கிறது என்று கண்டுபிடித்து அவருக்கு இரண்டு வரி மரியாதையாக எழுதுவது எந்த இணையத் தேடலையும் விட விரைவான வழி. “எங்கள் கோரிக்கை இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது, அடுத்து எந்த அமைப்பின் முன் எந்த மாதம் வரும்?” என்று கேளுங்கள். பெரும்பாலான அதிகாரிகள் நேராகவே பதில் சொல்வார்கள். பதில் வராவிட்டால் பொது ஆவணச் சட்டப்படி எழுத்தில் கேட்கலாம். கேட்ட ஆவணம் தரத்தக்கதா என்று 10 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும், தேவைப்பட்டால் இன்னும் 14 நாள் வரை நீட்டிக்கலாம். இதை முதல் கடிதமாக அனுப்பாதீர்கள். உங்களுக்கு உதவ நினைக்கும் மனிதரே தள்ளி நின்று சட்டமொழியில் பேச ஆரம்பித்துவிடுவார்.

ஸ்டாஃப் ரிப்போர்ட் கையில் கிடைத்தால் அதைப் படிக்க ஒரு முறை இருக்கிறது. முதல் பக்கத்தில் ‘பரிந்துரை’ என்ற பத்தியில் வினைச்சொல்லைப் பாருங்கள். ‘அங்கீகரிக்க’ என்றிருந்தால் அன்றே முடிவு. ‘அறிக்கையைப் பெற்றுக்கொள்ள’ என்றிருந்தால் அன்று எதுவும் நடக்காது. ‘வழிகாட்டுதல் வழங்க’ என்றிருந்தால் கதவு இன்னும் திறந்திருக்கிறது, பேச வேண்டிய நாள் அதுதான். அடுத்து கடைசிக்குப் போய் ‘நிதித் தாக்கம்’ என்ற பத்தியைப் பாருங்கள். கட்டுமானச் செலவுக்கு ஒரு தொகை இருக்கும். அதற்குக் கீழே வருடாந்தரப் பராமரிப்புச் செலவு எழுதப்பட்டிருக்கிறதா? என் அனுபவத்தில் திட்டங்கள் தேங்கி நிற்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது வரியில்தான். கட்டுவதற்குப் பணம் கிடைத்துவிடும். கலிபோர்னியாவில் 1965 முதல் குவிம்பி சட்டம் என்று ஒன்று இருக்கிறது. புதிதாக மனை பிரித்து வீடு கட்டுபவர்களிடம் 1,000 பேருக்கு 3 ஏக்கர் என்ற கணக்கில், சில சூழல்களில் 5 ஏக்கர் வரை, பூங்கா நிலமோ அதற்கு ஈடான கட்டணமோ ஊர் வாங்கலாம். அந்தப் பணம் பூங்கா அமைக்கவோ புதுப்பிக்கவோ மட்டும்தான். குப்பைத் தொட்டியைக் காலி செய்கிற, கேட்டின் தாழ்ப்பாளைச் சரி செய்கிற ஊழியரின் சம்பளத்துக்கு அதைத் தொட முடியாது. அது பொது நிதியிலிருந்து, போலீஸும் தீயணைப்பும் கேட்டு நிற்கும் அதே பையிலிருந்து வர வேண்டும். வாரம் ஒருநாள் நாங்கள் சுத்தம் செய்கிறோம், மரத்தூள் நிரப்புகிறோம் என்று ஒரு குழு எழுத்தில் முன்வந்தால் அந்த வரியின் எண் குறைகிறது. ஆயிரம் கையெழுத்தைவிட அது கனமானது.

கையெழுத்து மனுவைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ஆன்லைன் மனு வந்ததும் அதிகாரிகள் முதலில் பார்ப்பது எத்தனை பேர் இந்த ஊர்க்காரர்கள் என்பதைத்தான். பக்கத்து ஊர், வேறு மாநிலம் என்று கழித்துக்கொண்டே வந்தால் பாதி போய்விடுவது சாதாரணம். அதற்குப் பதில் இருபது குடும்பங்கள் தனித்தனியே, தங்கள் சொந்த வார்த்தையில், இப்போது நாயை எங்கே கூட்டிப் போகிறோம், எத்தனை மைல் ஓட்டுகிறோம், எந்த நேரத்தில் போவோம் என்று எழுதினால் அது ரிப்போர்ட்டுக்குள் தரவாக வந்துவிடும். ஒரே வாசகத்தை நகலெடுத்து இருபது பேர் அனுப்பினால் ஒரே கடிதமாகவே எண்ணப்படும். இன்னொன்று, நல்லெண்ணத்தில் செய்யப்படும் ஒரு ஆபத்தான காரியம்: ஒரு கவுன்சில் உறுப்பினரைப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் போய் “அவரும் சரி என்று சொல்லிவிட்டார், இன்னொருவரும் ஆதரவுதான்” என்று சொல்வது. கூட்டத்துக்கு வெளியே பெரும்பான்மை உறுப்பினர்களின் கருத்தை ஒருவர் இடையில் நின்று கடத்தினால் அது சட்டத்துக்குப் புறம்பான தொடர் கூட்டமாகிவிடலாம், முடிவே செல்லாமல் போகும் வழக்கு வரை அது இழுக்கும். ஒவ்வொருவரிடமும் உங்கள் கருத்தை மட்டும் சொல்லுங்கள்.

எதிர்ப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். டாக் பார்க் வேண்டாம் என்று பொதுவாகச் சொல்பவர்கள் குறைவு. ‘இங்கே வேண்டாம்’ என்பவர்கள்தான் அதிகம். இடத் தேர்வுக்கான அக்கம்பக்கக் கூட்டத்தில் பெரிய வரைபடத்தை மேஜையில் விரித்து, பச்சை, சிவப்பு வட்ட ஸ்டிக்கர்களைக் கொடுத்து ஒட்டச் சொல்வோம். ஒரு கூட்டத்தில் வயதான பெண்மணி ஒருவர் தன் ஸ்டிக்கரை எங்கேயும் ஒட்டாமல், வரைபடத்தில் வேலிக்கோட்டுக்கும் தன் படுக்கையறை ஜன்னலுக்கும் நடுவில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, காலை ஆறு மணிக்கு இங்கே என்ன சத்தம் கேட்கும் என்று மட்டும் கேட்டார். நாய் பிரியர்கள் பக்கம் யாரிடமும் பதில் இல்லை. பின்னர் திறக்கும் நேரத்தை எட்டு மணியாக மாற்றி, வாசலை எதிர்ப்பக்கம் கொண்டுபோனதும் அந்தத் தெருவின் எதிர்ப்பு கணிசமாக அடங்கியது. சத்தம், வாடை, பார்க்கிங், குழந்தைகள் விளையாடும் புல்வெளி பறிபோவது ஆகிய நான்கும் நியாயமான கவலைகள். இவற்றுக்கு உங்கள் குழுவே முன்கூட்டிப் பதில் வைத்திருந்தால் கவுன்சில் உறுப்பினருக்கு வாக்களிப்பது எளிதாகும்.

நம்மவர்கள் அதிகம் இருக்கும் ஊர்களில் இன்னொரு கோணமும் உண்டு. அதே காலிப் புல்வெளியைக் கிரிக்கெட் பிட்ச்சுக்கும் கேட்டுக்கொண்டிருப்பார்கள், கேட்பவர்கள் நம் நண்பர்களாகவே இருப்பார்கள். கவுன்சில் முன்னால் போய் மோதிக்கொள்ளும் முன், இரு தரப்பும் ஒருமுறை காபிக்கு உட்கார்ந்து பேசிவிடுங்கள். டாக் பார்க்குக்குப் பெரிய சதுர நிலம் அவசியமில்லை. ஓர் ஏக்கர் இருந்தால் நல்லது, கோணல்மாணலான துண்டு நிலம்கூடச் சரிவரும். கிரிக்கெட்டுக்கு அப்படி இல்லை. மற்றது, மேலே சொன்ன அம்மா, மாமனார் விஷயம். ஆறு மாதம் தங்க வந்திருக்கும் பெரியவர்கள் காலையில் பூங்காவில் நடக்கப் போகிறார்கள். லீஷ் இல்லாத நாய் ஓடி வந்து மோப்பம் பிடித்தால் நம் ஊர் தெருநாய் நினைவில் உடம்பு வெடவெடத்துப் போகிறது. நாயைக் கண்டால் பயப்படுபவர்களுக்கும் வேலி போட்ட டாக் பார்க் ஒரு நன்மைதான் என்பதை அவர்களில் ஒருவர் தன் வாயால் சொன்னால், நாய் வளர்ப்பவர்கள் பத்துப் பேர் சொல்வதை விட அது ஆழமாகப் போய்ச் சேரும். ஆனால் டாக் பார்க் வந்ததும் மற்றப் பூங்காக்களில் லீஷ் இல்லாத நாய்கள் மறைந்துவிடும் என்று வாக்குறுதி தராதீர்கள். சில இடங்களில் குறைந்ததைப் பார்த்திருக்கிறேன், சில இடங்களில் குறையவில்லை. வீட்டு விலை ஏறும், இறங்கும் என்று இரு தரப்பும் அடித்துப் பேசுவதையும் நான் நம்பிக்கையான வாதமாக எடுத்துக்கொள்வதில்லை.

பொறுப்பு யாருடையது என்ற கேள்வி கட்டாயம் எழும், அதில் சட்டம் தெளிவாக இருக்கிறது. டாக் பார்க்குக்குள் ஒரு நாயின் செயலால் மட்டுமே மனிதருக்கோ வளர்ப்புப் பிராணிக்கோ காயமோ மரணமோ ஏற்பட்டால் நகரம் பொறுப்பல்ல என்று கலிபோர்னியா அரசுச் சட்டத் தொகுப்பின் 831.7.5 பிரிவு சொல்கிறது. வேலி உடைந்து கிடந்ததால் வந்த விபத்துக்கு அந்தப் பாதுகாப்பு நீளாது. கடித்த நாயின் உரிமையாளரோ, அந்த நாய் அதற்கு முன் யாரையும் கடித்ததே இல்லை என்றாலும் பொறுப்பாளிதான், அது சிவில் சட்டம் 3342. ‘ஊர் மேல் கேஸ் போடுவார்கள்’ என்று யாராவது சொன்னால் முதல் பிரிவின் எண்ணை அமைதியாகக் குறிப்பிடுங்கள்.

நடைமுறையை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள நம் பே ஏரியாவிலேயே இரண்டு உதாரணங்கள். பெர்க்லியில் பார்ட் ரயில் சுரங்கப்பாதைக்கு மேலே உள்ள ஓலோன் பூங்காவில் 1979இல் வந்த டாக் பார்க்தான் அமெரிக்காவில் முதலாவது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. பக்கத்தில் வீடுகள் நெருக்கமாக இருந்தும், சத்தம் பற்றிய சச்சரவுகளைக் கடந்தும் அது நிலைத்திருக்கிறது. அதே 1979இல் சான் பிரான்சிஸ்கோ பக்கம் கோல்டன் கேட் தேசியப் பொழுதுபோக்குப் பகுதியில், ஃபோர்ட் ஃபன்ஸ்டன் போன்ற இடங்களில் குரலுக்குக் கட்டுப்படும் நாயை லீஷ் இல்லாமல் விடலாம் என்று ஒரு கொள்கை வந்தது. அது முறையான விதியாக ஒருபோதும் எழுதப்படவில்லை. 2001இல், தேசியப் பூங்காக்களின் லீஷ் விதிக்கு இது முரண் என்று நிர்வாகம் அதைக் கைவிட்டது. அறிவிப்புக் கொடுத்து மக்கள் கருத்துக் கேட்காமல் அப்படி மாற்ற முடியாது என்று 2005இல் நீதிமன்றம் சொன்னது. பல வருடப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு 2016இல் புதிய விதி வரைவு வந்தது, 2017இல் அதையும் கைவிட்டார்கள். நாய் பிரியர்களும், ஸ்னோயி ப்ளோவர் பறவையைக் காக்க நினைத்தவர்களும் பல வருடங்கள் களைத்துப் போனார்கள். அது மத்திய அரசின் நிலம், உங்கள் ஊர்ப் பூங்கா அல்ல. ஆனாலும் அனுமதி எந்தக் காகிதத்தில் எந்த வடிவில் இருக்கிறது என்பது எவ்வளவு முக்கியம் என்று அது காட்டுகிறது.

இதையே உங்கள் ஊரில் கவனியுங்கள். பெரும்பாலான நகரச் சட்டங்கள் எல்லாப் பூங்காக்களிலும் லீஷ் கட்டாயம் என்கின்றன. டாக் பார்க்குக்கு அதில் விலக்கு எழுத வேண்டியிருக்கும். அது சட்டத் திருத்தமாக வந்தால் முதல் வாசிப்பு, குறைந்தது ஐந்து நாள் கழித்து இரண்டாம் வாசிப்பு, அதற்கு 30 நாள் கழித்து அமல் என்பது பொதுவான கணக்கு. முதல் வாசிப்பில் ஜெயித்த மகிழ்ச்சியில் இரண்டாவதற்கு யாரும் வராமல் இருந்துவிடாதீர்கள். இந்தத் திட்டத்துக்கு விரிவான சுற்றுச்சூழல் ஆய்வு தேவையில்லை என்று நகரம் முடிவு செய்திருந்தால், அந்த விலக்கு அறிவிப்பைப் பதிவு செய்தார்களா என்றும் கேளுங்கள். பதிவு செய்திருந்தால் வழக்குப் போட 35 நாள்தான் அவகாசம், செய்யாவிட்டால் 180 நாள் வரை அந்தக் கத்தி தொங்கிக்கொண்டிருக்கும்.

உங்கள் ஊரின் பெயரை நீங்கள் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டாம். இந்த வருட முன்னுரிமைப் பட்டியலை எடுத்து அதில் டாக் பார்க் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் எதிரே பொறுப்பான துறையின் பெயரும் காலாண்டும் எழுதியிருக்கும், அடுத்த கடிதம் அங்கே. இல்லையென்றால், கோரிக்கை இன்னும் எங்கேயும் நிற்கவில்லை என்று பொருள். கவுன்சில் உறுப்பினர் ஒருவரிடம் பேசி, இதை ஒரு வருங்கால அஜெண்டாவில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். பல ஊர்களில் அதற்கு இன்னொரு உறுப்பினரின் ஆதரவும் தேவை, கவுன்சிலின் நடைமுறைக் கையேட்டில் அது இருக்கும். ஜனவரிக்கு முன் அந்த வேலையை முடித்துவிடுங்கள்.